ஸுபஹ் நேரத்துப் பாதை



பேலியகொடையிலிருந்து புத்தளம் செல்லும் ஏ-3 நெடுஞ்சாலை நமது முந்தலை ஊடறுத்துச் செல்கின்றது. ஸுபஹ் தொழுகைக்காக நீங்கள் இருளில் துவிச்சக்கர வண்டியில் புறப்படும் அதே நேரத்தில் லொறிகளும் வருகின்றன. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் கடந்துவிடும். சாரதி உங்களைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்கே ஒரு விநாடிக்கு மேல் சென்றுவிடும்.

“வெள்ளை ஜுப்பா அணிந்திருக்கிறோமே” என்பர் சிலர். துணி தொலைவில் தெரியாது. சிவப்பு ஒளித்தெறிப்பானோ வாகனத்தின் வெளிச்சத்தைச் சாரதியின் கண்ணுக்கே திருப்பியனுப்பும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தமை திர்மிதியில் பதிவாகியுள்ளது. விளக்கின்றிப் பாதையில் இறங்குபவர் ஒட்டகத்தை அவிழ்த்து விட்டவரல்லவா? இன்றிரவே உங்கள் பிள்ளையின் வண்டியைப் பின்னாலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள்.