காக்கை வலிப்பும் காக்கத்தக்க உயிர்களும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரயில்வே குமாஸ்தாவாகிய யான் மருத்துவம் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வலிப்பு நோயால் நேரும் மரணங்களை மருத்துவர் மட்டும் தடுத்துவிட இயலாது. வீட்டாரும் முனைதல் வேண்டும். ஆதலின் பேசத் துணிந்தேன்.

இம்மரணங்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் நேர்கின்றன. முதலாவது, நீர். வலிப்புக் கண்டவருக்கு முழங்காலளவு நீரும் எமனாகும். குளத்திலும் நெய்யாற்றிலும் அவர் தனியே இறங்கலாகாது. வீட்டில் வாளி நீரை முகந்து குளிக்கட்டும். கதவைத் தாழிட வேண்டா. இரண்டாவது, தீ. அடுப்படியில் அவரைத் தனியே விடலாகாது. மூன்றாவது, ஓயாத வலிப்பு. வலிப்பு 5 நிமிடம் கடந்தும் நில்லாவிடினும், நினைவு திரும்புமுன் மீண்டும் வரினும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. நான்காவது, உறக்கத்தில் நேரும் திடீர் மரணம். வலிப்பு அடங்காதவர்க்கே இவ்வபாயம் மிகுதி. இரவில் அவரருகே ஒருவர் படுத்தல் நலம்.

வலிப்பு வந்தவரின் கையில் சாவிக் கொத்தைத் திணிப்பதும், வாயில் கரண்டியை நுழைப்பதும், நீர் புகட்டுவதும் தீங்கே. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பார்த்திருந்தால் போதும்.

தக்க மருந்தைத் தவறாது உண்டால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஆயினும் நம்மவர் மருந்தை ஏன் நிறுத்துகின்றனர்? இரண்டு மாதம் வலிப்பு வரவில்லையெனில் நோய் தீர்ந்தது என்று எண்ணுகின்றனர். பெண்ணுக்கு மணம் பேசினாலோ, மாத்திரையை ஒளிக்கின்றனர். புக்ககத்தில் அவள் மருந்துண்ண அஞ்சுகிறாள். திடீரென மருந்து நின்றால் ஓயாத வலிப்புத் தோன்றி உயிரையே பறித்துவிடும். கருவுற்ற நாளிலும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

இந்துத் திருமணச் சட்டத்தில் திருமணத் தடையாக இருந்த வலிப்பு நோய், 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. சட்டமே விலக்கிய இழிவை நாம் ஏன் சுமக்க வேண்டும்? பிள்ளை வீட்டாரிடம் உண்மையைச் சொல்லியே மணம் முடிப்போம்.

பாலராமபுரத்திலிருந்து சிறு தொலைவில் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் இருக்கின்றது. மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு அங்கே 1995 முதல் அறுவைச் சிகிச்சையும் செய்து வருகின்றனர். பேயோட்டுவோரிடம் நாளைக் கழிக்காது, நோயுற்ற பிள்ளைகளைக் காலத்தே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு வேண்டி அமர்கின்றேன்.