பழைய கணிப்பொறியில் நமது ஏடு

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி, வேலைவாய்ப்பு, இட ஒதுக்கீடு ஆகிய பெரும்பொருள்கள் பற்றி அறிஞர் பலர் இம்மேடையில் பேசியுள்ளனர். நமக்குக் கிடைத்த தலைப்போ சிறியது. பழைய கணிப்பொறியில், ஓய்வு நேர முயற்சி ஒன்றுக்கு, விலையின்றிக் கிடைக்கும் தரவுத்தள மென்பொருள்களுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே அது. "இதற்கும் ஒரு சொற்பொழிவா?" என்று சிலர் முறுவலிக்கக்கூடும். ஓய்வு என்பதே நம் மக்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று. கூலிக்காக அன்றி, தேர்வுக்காகவும் அன்றி, தன் விருப்பத்திற்காக ஒன்றைச் செய்து பார்க்கும் நேரமும் அதற்குரிய கருவியும் ஒருங்கே நம் பிள்ளைகளின் கைக்கு வந்தது அண்மையில்தான்.

நம் இளைஞர் குழுவினர் மேற்கொள்ள விரும்பும் முயற்சி இது: சங்க நூலகத்து நூல்களையும், நம் பெரியோர் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் பழைய இதழ்கள், துண்டறிக்கைகள், மனுக்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றையும் ஒரே பட்டியலில் கொணர்வது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அச்சிட்டவர்கள் நம்மவர், படித்தவர்களும் நம்மவர். ஆயினும் 'பறையன்' இதழின் படிகள் இன்று கிடைத்தற்கு அரியனவாகிவிட்டன. எது எவரிடம் உள்ளது என்னும் குறிப்பை நாம் வைத்துக்கொள்ளவில்லை. மற்றொரு புறம், நம்மைப் பற்றிய குறிப்புகளைப் பிறர் வைத்துக்கொண்டிருந்தனர். 1980இல் பரம்பரைக் கர்ணம் முறை ஒழிக்கப்படும்வரை ஊரின் நிலக்கணக்கு எவர் வீட்டுத் திண்ணையில் இருந்தது என்பதை இங்குள்ள மூத்தோர் நன்கறிவர்.

ஒரு சாதாரணக் கணக்குத் தாளில், அதாவது எக்செல் போன்ற ஒன்றில், இப்பட்டியலை எழுதினால் ஆகாதா என்று கேட்கலாம். நூறு நூல்களுக்கு ஆகும். ஆயிரத்தைத் தாண்டும்போது தொல்லை தொடங்கும். ஒருவர் 'அயோத்திதாசர்' என்று எழுதுவார், மற்றொருவர் 'அயோத்திதாசப் பண்டிதர்' என்பார், மூன்றாமவர் 'க. அயோத்திதாஸ்' என்பார். தேடும்போது ஒருவரே மூவராகி நிற்பார். ஆசிரியர் பெயரை ஓர் அட்டவணையில் ஒருமுறை மட்டும் எழுதி, அதற்கு ஓர் எண் கொடுத்து, நூல்களின் அட்டவணையில் அவ்வெண்ணை மட்டும் குறிப்பதே இதற்கு வழி. அட்டவணைகளை இவ்வாறு உறவுபடுத்தும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கார் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்துக் காட்டினார். நாம் இன்று பேசவிருக்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை அவ்வழி வந்தவையே.

இனி, 'விலையின்றி' என்ற சொல்லைச் சற்று உரசிப் பார்த்தல் வேண்டும். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அங்கே பெருங்குழப்பம் நேர்ந்தது. நமக்கோ இரு சொற்கள் உள்ளன. 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மாணவர்க்குக் கிடைத்தது 'விலையில்லா' மடிக்கணினி. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குரல் கொடுத்ததோ 'கட்டற்ற' மென்பொருளுக்கு. பெரு நிறுவனங்கள் சில தம் தரவுத்தளங்களின் சிறு வடிவங்களை விலையின்றித் தருகின்றன. அவற்றில் சேமிக்கும் அளவுக்கு வரம்பு உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் இயலாது. கொடுத்தவர் நாளை நிறுத்திக்கொண்டால் நாம் கேள்வி கேட்கவும் இயலாது. ஆதலின் விலையின்மையோடு கட்டின்மையும் உடையவற்றையே நாம் கருதுகிறோம்.

அடுத்து, நம் கையிலுள்ள பொறிகளைக் காண்போம். அரசு தந்த மடிக்கணினிகளுள் பழையவை, அலுவலகங்கள் கழித்துவிட்ட மேசைக் கணிப்பொறிகள் ஆகியவையே நமக்கு வாய்த்தவை. ஒன்று அல்லது இரண்டு ஜிகாபைட் நினைவகம், தேய்ந்த வன்தட்டு, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஆற்றலை என்றோ இழந்த மின்கலம். விண்டோஸ் 7க்கு 2020இலேயே பாதுகாப்பு நின்றுவிட்டது. லினக்ஸ் வகையைச் சேர்ந்த டெபியன், 2023இல் வந்த 12ஆம் பதிப்போடு 32 பிட் பொறிகளுக்கு நேரடியாக நிறுவும் வசதியை நிறுத்திக்கொண்டது. ஆனால் 32 பிட் விண்டோஸ் ஏற்றப்பட்டிருப்பதாலேயே ஒரு பொறி 32 பிட் பொறி ஆகிவிடாது; அதன் செயலி 64 பிட் ஆக இருத்தலும் கூடும். பொறியைக் கழிக்கும் முன் இதைச் சோதித்துப் பார்ப்பது பயன் தரும்.

தரவுத்தளங்கள் இருவகைப்படும். ஒருவகை வழங்கியாக நிற்பது. பின்புலத்தில் ஓயாது இயங்கிக்கொண்டு, கேட்பவர்க்கெல்லாம் விடை தந்துகொண்டிருக்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல், மரியாடிபி ஆகியவை இவ்வகை. மற்றொரு வகை தனி வழங்கியின்றி, நாம் பயன்படுத்தும் நிரலுக்குள்ளேயே அடங்கி, ஒரே கோப்பில் அனைத்தையும் எழுதி வைப்பது. எஸ்கியூலைட் இவ்வகை. ஃபயர்பேர்டு என்பது இரு வகையாகவும் இயங்க வல்லது.

போஸ்ட்கிரெஸ், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய ஆய்வின் வழிவந்தது, மிக உறுதியானது. மைஎஸ்கியூஎல் 1995இல் சுவீடனில் பிறந்தது. கை மாறிக் கை மாறி 2010இல் ஆரக்கிள் நிறுவனத்திடம் சேர்ந்தது. அதனை முதலில் உருவாக்கியவர்களுள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், அம்மாற்றத்தை அஞ்சி, 2009இலேயே அதன் மூலநிரலைப் பிரித்து மரியாடிபியைத் தொடங்கினார். நிறுவனம் விற்கப்பட்ட பின்னும் மூலநிரலைப் பிரித்துக்கொண்டு போக முடிந்ததே, அதுதான் கட்டற்ற உரிமத்தின் பொருள்.

இவை பழைய பொறியில் இயங்கா என்று சிலர் கூறுவது மிகையாகும். போஸ்ட்கிரெஸும் மரியாடிபியும் தொடக்க அமைப்பில் 128 மெகாபைட் நினைவகத்தைத் தமக்கென ஒதுக்கிக்கொள்கின்றன. அதனைக் குறைத்தும் அமைக்கலாம். இடர் வேறிடத்தில் உள்ளது. வழங்கியைப் பேணுவதற்கு ஒருவர் வேண்டும். கடவுச்சொற்கள், பயனர் உரிமைகள், பதிப்பு மாற்றங்கள் ஆகியவற்றை அவர் கவனிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸின் ஒரு பெரும்பதிப்பு எழுதிய தரவுக் கோப்புகளை அடுத்த பெரும்பதிப்பு அப்படியே திறந்து படிக்காது. அதற்கென உள்ள கருவியால் மாற்றித் தரல் வேண்டும். ஞாயிறு மாலைகளில் கூடும் குழுவில், பொறுப்பேற்ற தம்பி வேலை கிடைத்து வெளியூர் சென்றுவிட்டால், மறுநாள் அந்த ஏட்டைத் திறப்பவர் யார்? இக்கேள்விக்கு விடை இல்லாத குழுவுக்கு வழங்கி ஒரு சுமையே.

மாங்கோடிபி என்ற பெயரும் இளைஞர்களிடையே வழங்குகிறது. 2021இல் வந்த அதன் 5ஆம் பதிப்பு முதல், ஏவிஎக்ஸ் என்னும் கட்டளைத் தொகுதி இல்லாத பழைய செயலிகளில் அது இயங்குவதில்லை. அதன் உரிமமும் 2018இல் மாறிவிட்டது. அதனை விட்டுவிடலாம்.

எஸ்கியூலைட் பற்றிச் சற்று விரித்துரைக்கத்தான் வேண்டும். அமெரிக்கரான ரிச்சர்டு ஹிப் 2000ஆம் ஆண்டில் இதனை வடித்தார். நம் சங்கத்தைப் போலவே இதுவும் கால் நூற்றாண்டு கண்டது. போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் அவர் பணியாற்றுகையில், தரவுத்தள வழங்கி நின்றால் நிரலும் முடங்கும் நிலையைக் கண்டு, வழங்கியே இல்லாத ஒன்றை ஆக்கினார். இதன் நிரல் ஏறத்தாழ ஒரு மெகாபைட் அளவே. இயங்கும்போது இடைச்சேமிப்பிற்கு இது எடுத்துக்கொள்ளும் நினைவகம், தொடக்க அமைப்பில், ஏறத்தாழ 2 மெகாபைட்டுக்குள் அடங்கும். இங்குள்ளோர் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இதுவே உள்ளிருந்து இயங்குகிறது. தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். ஒரு பதிவுக்கு நூறு குறியீடுகள் என்று கொண்டாலும், 20,000 பதிவுகள் ஏறத்தாழ 6 மெகாபைட்டில் அடங்கிவிடும்.

2004இல் வகுத்த கோப்பு வடிவத்தை இன்றளவும் அவர்கள் மாற்றவில்லை. 2050ஆம் ஆண்டு வரை பேணுவதாகவும் உறுதி கூறியுள்ளனர். 32 பிட் பொறியில் எழுதிய கோப்பை 64 பிட் பொறியில் அப்படியே திறக்கலாம். எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால், பாதியில் நின்ற மாற்றத்தை மறுமுறை திறக்கும்போது அதுவே விலக்கிப் பழைய நிலைக்குக் கொணரும். மின்கலம் செத்த மடிக்கணினிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

இதன் உரிமமோ வியப்பிற்குரியது. உரிமம் என்று ஒன்றே இல்லை. ஆக்கியோர் இதனைப் பொதுவுடைமை ஆக்கிவிட்டனர். 1927இல் மகாத் நகரில் பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் மக்கள் இறங்கி நீர் அள்ளிய சவுதார் குளத்தை இங்கு நினைவுகூரலாம். அக்குளம் எல்லார்க்கும் உரியது என்று நகராட்சி 1924இலேயே தீர்மானம் இயற்றியிருந்தது; ஆயினும் இறங்கி அள்ளும்வரை அத்தீர்மானம் வெறும் தாளாகவே இருந்தது. எஸ்கியூலைட் அத்தகைய பொதுக்குளம். தடுப்பார் எவரும் இலர். ஒன்றை மட்டும் மறைக்காமல் கூறவேண்டும். நீர் அள்ளுவது எல்லார்க்கும் திறந்திருக்க, குளத்தைத் தூர்வாரும் பணியை அவர்கள் ஒரு சிறு குழுவாகவே செய்கின்றனர். வெளியார் எழுதித் தரும் நிரல்களை ஏற்பதில்லை. வேண்டுவோர் படியெடுத்துத் தனியே திருத்திக்கொள்ளலாம்.

குறைகளையும் அறிந்தே தேர்வு செய்தல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவரே இதில் எழுத முடியும். கோப்பை ஒரு பொறியில் வைத்து, வலையமைப்பின் வழியாக நான்கு பொறிகளிலிருந்து ஒருங்கே எழுத முயன்றால் கோப்பு சிதையும் இடர் உண்டு. ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பதிய வேண்டிய நிலை வந்தால், அன்று மரியாடிபிக்கோ போஸ்ட்கிரெஸுக்கோ மாறுவதே முறை. அட்டவணைகளுக்கிடையேயான உறவு விதிகளைக் காக்கும் வசதி, பழமை கருதித் தொடக்கத்தில் அணைத்து வைக்கப்பட்டுள்ளது; ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதனை இயக்குதல் வேண்டும். ஆண்டு எழுத வேண்டிய கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். இதனைத் தடுக்கும் கண்டிப்பான அட்டவணை முறை 2021இல்தான் வந்தது. பழைய பதிப்புகளில் இராது.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஒருங்குறியில் புள்ளியின் குறியீடு எழுத்துகளுக்கெல்லாம் பின்னே வைக்கப்பட்டிருப்பதால், 'கண்ணன்' முன்னும் 'கணபதி' பின்னும் வரவேண்டிய அகரவரிசை தலைகீழாகிறது. னகரமும் நகரத்தின் அருகே சென்று அமர்ந்துவிடுகிறது. வரிசைப்படுத்துவதற்கென ஒரு தனிக் கட்டம் வைத்து, சிறு பைத்தான் நிரலால் அதனை நிரப்பிக்கொண்டால் இது தீரும். போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில் மொழிவாரி வரிசை முறை உள்ளமைந்தே வருகிறது என்பதை அதன் சிறப்பாகக் கூறலாம். மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்புகளிலோ, எழுத்துமுறையை மாற்றி அமைக்காமல் தமிழை உள்ளிட்டால் கேள்விக்குறிகளே எஞ்சும்.

இனிக் கூறுவதை இளைஞர்கள் ஊன்றிக் கேட்க வேண்டுகிறோம். எஸ்கியூலைட் கோப்புக்குக் கடவுச்சொல் இல்லை. கோப்பு எவர் கையில் உள்ளதோ அவர் முழுவதையும் படிக்கலாம். நூற்பட்டியலுக்கு இதனால் தீங்கில்லை. பலர் படித்தால் நன்மையே. ஆனால் உதவித்தொகை பெறும் மாணவரின் பெயர், சாதி, தெரு, தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே வரிசையில் எழுதிய பட்டியல் அத்தகையதன்று. நம் தெருக்கள் எத்தனை முறை தாக்கப்பட்டுள்ளன என்பதை அறிந்த நாம், அப்படியொரு பட்டியலைப் பென் டிரைவில் போட்டு ஊர் சுற்றவிடலாமா? அழித்துவிட்டோம் என்று நினைக்கும் வரியும், கோப்பைச் சுருக்கி எழுதும்வரை உள்ளேயே கிடக்கும். தனிமனிதத் தரவுகளைக் காக்கும் சட்டம் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டத்தை எதிர்பாராமலேயே, மாணவர் பதிவேட்டை இம்முயற்சியோடு கலக்காமல் தனியே பூட்டி வைப்பது நம் கடமை. கணிப்பொறியில் வைத்தே தீர வேண்டுமெனில், கோப்பை மறையாக்கம் செய்யும் எஸ்கியூஎல்சைஃபர் போன்ற கட்டற்ற கருவிகள் உள்ளன.

தொடங்குவோர்க்கு, 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட்' என்னும் கட்டற்ற கருவி போதும். கட்டளை எழுதத் தெரியாதவரும் அட்டவணையைக் கண்ணால் கண்டு நிரப்பலாம். பைத்தான் கற்போர்க்கு எஸ்கியூலைட் இணைப்பு அதனுள்ளேயே வருகிறது. லிப்ரே ஆபீசின் 'பேஸ்' அழகான படிவங்கள் அமைக்க உதவும். ஒரு ஜிகாபைட் பொறியில் அது மூச்சுத் திணறும். பழைய பாக்ஸ்புரோ கோப்புகள் எவரிடமேனும் இருந்தால் எறிய வேண்டா. லிப்ரே ஆபீசின் கணக்குத் தாளிலேயே அவற்றைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். வாரந்தோறும் பணி முடித்துக் கோப்பை மூடியபின் இரு படிகள் எடுத்து, ஒன்றைச் சங்கத்திலும் ஒன்றை வேறொரு வீட்டிலும் வைத்தல் வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை முழுப் பட்டியலையும் தாளில் அச்சிட்டுக் கட்டி வைப்பதும் நன்று.

முதல் அட்டவணைக்குத் தலைப்பு, ஆசிரியர் எண், ஆண்டு, வகை, எங்குள்ளது, என்ன நிலையில் உள்ளது ஆகிய ஆறு கட்டங்கள் போதும். நூலக அறையில் பொறி ஒன்று இயக்கி வைக்கப்பட்டுள்ளது. வீட்டில் பழைய இதழ்கள் வைத்திருப்போர், இதழின் பெயரையும் ஆண்டையும் அங்குள்ள இளைஞர்களிடம் கூறினால், இன்று மாலையே எழுதத் தொடங்கிவிடலாம்.