ஊருக்குள் சூடாகாத வண்டி நாலு வழிச்சாலையில் ஏன் சூடாகிறது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த இடத்தில் நின்று உள்கடன், தணிக்கை, தீர்மான நோட்டு என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வண்டி என்ஜினைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்குது. சிரிங்க, பரவாயில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்க. நம் குழுக்களில் சிலர் சொந்தமாக லோடு வண்டி வாங்கி ஓட்டுகிறார்கள். கடன் நம்ம பேரில். மாதத் தவணை நம்ம தலையில். சாவி டிரைவர் கையில். வண்டிக்கு என்ன வியாதி என்று சொல்வது ஒர்க் ஷாப்காரர். அவர் சொல்லும் தொகைக்கு வவுச்சரில் கையெழுத்துப் போடுவது மட்டும் நம்ம வேலையா?

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு குழு. குட்டி யானை என்று சொல்வோமே, அந்த மாதிரி சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் முருங்கை, கத்தரி, வெண்டை ஏற்றி மதுரை மாட்டுத்தாவணிக்குப் போகும். ஊருக்குள் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ரயில்வே கேட்டில் நின்றாலும் வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நிற்கும். வாடிப்பட்டிப் பக்கம் நாலு வழிச்சாலையில் ஏறி, அறுபது எழுபது வேகம் பிடித்ததும் முள் மேலே ஏற ஆரம்பிக்கும். சமயநல்லூரில் இறங்கி மெதுவாகப் போனால் தானாகக் கீழே வரும். காட்டிய இடத்தில், "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, என்ஜினை இறக்கணும், 32,000 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். குழுவின் சேமிப்பை எடுத்துக் கொடுப்பதா, வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா என்று கூட்டத்தில் பேச்சு நடந்தது. நாங்கள் கேட்டது ஒன்றுதான். எப்போது சூடாகிறது என்பதை யாராவது அந்தப் பட்டறையில் சொன்னீங்களா? யாரும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் என்ன கேட்கிறார்? காலையில் வருதா, ராத்திரியில் வருதா, குளிர் இருக்கா என்று கேட்கிறார். வண்டிக்கும் அப்படித்தான். நிற்கும்போது சூடாகுதா, ஓடும்போது சூடாகுதா என்பதில் பாதி பதில் இருக்கிறது.

டீசல் எரிந்து வரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியாகப் போய்விடும். மீதி இருக்கும் சூட்டைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். வாட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளும். அது என்ஜினைச் சுற்றி வந்து, சூடாகி, மேல் ஹோஸ் வழியாக முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் போகும். அங்கே மெல்லிய குழாய்களில் இறங்கும்போது காற்றுப் பட்டு ஆறி, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்ப என்ஜினுக்கு வரும்.

காற்று எங்கிருந்து வருது? வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் ஃபேன்தான் காற்றை இழுக்கணும். அதனால் சந்தை நெரிசலில் சூடானால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். நாலு வழிச்சாலையில் எதிர்க்காற்றே வந்து மோதும்போது ஃபேன் பெரிய விஷயமில்லை. அங்கே சூடாகிறது என்றால், வரும் சூட்டை வெளியேற்ற ரேடியேட்டருக்குத் திராணி இல்லை, அல்லது தண்ணீர் தேவையான வேகத்தில் சுற்றவில்லை என்றுதான் முதலில் பார்க்கணும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழித்துப் போக மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். அத்தனைக்கும் டீசல் எரியணும், அத்தனைக்கும் சூடு வரும். முப்பத்தைந்தில் சமாளிக்கும் பாதி அடைத்த ரேடியேட்டர் எழுபதில் கைவிட்டுவிடும்.

செலவே இல்லாத சோதனையில் தொடங்குவோம். வண்டியின் முன்பக்கம் குனிந்து பாருங்க. ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவில் பூச்சி, சாக்கு நார், வைக்கோல் தூசி, சேறு அடைந்திருக்கும். இருந்தால் என்ஜின் ஆறின பிறகு உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவணும். வேகமான பம்ப் தண்ணீரை அடித்தால் தகடு மடங்கிப் போகும். திருவிழா நேரத்தில் காற்று நுழையும் இடத்தை மறைத்து பிளக்ஸ் போர்டு கட்டுகிறார்கள் பாருங்க, அதையும் அவிழ்க்கச் சொல்லுங்க. எலுமிச்சம்பழம், மிளகாய் இருக்கட்டும், அது காற்றை மறைக்காது!

அடுத்தது ரேடியேட்டர் மூடி. நம்ம வீட்டு குக்கரை நினைச்சுக்குங்க. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கரில் வெயிட் போட்டு ஆவியை அடக்குவதால் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ரேடியேட்டர் மூடியில் இருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பரும் செய்வது அதே வேலை. ரப்பர் வெடித்து ஸ்பிரிங் தளர்ந்தால், வெயிட் போடாத குக்கர் மாதிரி தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியே தள்ளிவிடும். மூடி மாற்ற ஆகும் செலவு அதிகமில்லை. ஆனாலும் அதை யாரும் பார்ப்பதில்லை.

குக்கர் என்றதும் இன்னொன்றும் சொல்லணும். பிரஷர் இறங்காமல் குக்கரைத் திறப்போமா? சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும். துணியைச் சுற்றித் திறக்கலாம் என்று சொன்னாலும் கேட்காதீங்க. அரை மணி, முக்கால் மணி ஆகட்டும், மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கணும், அப்புறம்தான் திறப்பது. கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விட்டுவிடும். அப்போது 32,000 நிஜமாகவே செலவாகும்.

இனி அந்த நிலக்கோட்டை வண்டிக்கு வருவோம். குழுப் பெண்கள் நான்கு பேரும் நாங்களும் வேறொரு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு, பட்டறை வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். என்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தோம். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து விடாமல் குமிழி வரும். வரவில்லை. ஆயில் குச்சியையும் ஆயில் ஊற்றும் மூடியையும் பார்த்தோம். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் விட்ட காப்பி நிறத்துக்கு மாறிவிடும். சுத்தமாக இருந்தது. வெள்ளைப் புகையும் இல்லை. இந்த மூன்றும் இல்லை என்பதாலேயே கேஸ்கெட் நூற்றுக்கு நூறு நல்லது என்று சொல்ல முடியாது. லோடு ஏற்றி ஓட்டும்போது மட்டும் கசியும் கேஸ்கெட்டும் உண்டு. அதற்கு, வாயு பட்டால் நிறம் மாறும் மருந்து வைத்துச் சோதிக்கும் வசதி நல்ல பட்டறைகளில் இருக்கிறது. ஆனால் ஒரு சோதனையும் செய்யாமல் என்ஜினை இறக்கச் சொல்வதை ஏற்க முடியாது.

பிறகு மூடியைப் போட்டு என்ஜினைச் சூடாக்கி, ரேஸ் கொடுக்கச் சொன்னார் மெக்கானிக். கீழ் ஹோஸ் சப்பிப் போனது! சர்பத்தை உறிஞ்சும்போது ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளுமே, அதே மாதிரி. மெதுவாக ஓடும்போது சரியாக இருக்கும், வேகத்தில் பம்ப் வேகமாக இழுக்கும்போது மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஹோஸ் நைந்திருந்தாலும் இப்படி ஆகும், ரேடியேட்டர் அடைத்துத் தண்ணீர் வராமல் பம்ப் வெறுமனே இழுத்தாலும் ஆகும். இங்கே இரண்டுமே. என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ரேடியேட்டர் தகடுகளை அங்கங்கே தொட்டுப் பார்த்தார். மேலே சூடு, கீழ்ப்பாதியில் பல இடம் சில்லென்று இருந்தது. சூடு எட்டாத இடத்தில் தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம்.

ஏன் அடைத்தது? டிரைவர் தினமும் காலையில் போர் தண்ணீரைச் செம்பில் பிடித்து ஊற்றியிருக்கிறார். நம்ம பக்கத்து போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்துப் போகும், தெரியும்தானே? அதே உப்பு அந்த மெல்லிய குழாய்களில் படிந்துவிட்டது. தினமும் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றாலே எங்கோ கசிகிறது என்று அர்த்தம், அதையும் யாரும் கேட்கவில்லை. பித்தளை ரேடியேட்டராக இருந்தால் கழற்றி உள்ளே கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்ததென்றால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். இந்த வண்டிக்கு ரேடியேட்டர், கீழ் ஹோஸ், மூடி, கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய் ஆனது. என்ஜினில் கை வைக்கவில்லை. இப்போது நாலு வழிச்சாலையிலும் முள் நடுவிலேயே நிற்கிறது.

எல்லா வண்டிக்கும் இதே காரணம்தான் என்று எடுத்துக்கொள்ளாதீங்க. வாட்டர் பம்பின் உள்ளே இறக்கை தேய்ந்திருக்கலாம், பெல்ட் தளர்ந்து வேகத்தில் வழுக்கலாம். பிரேக் பிடித்தபடியே இருந்தாலும், அளவுக்கு மேல் பாரம் ஏற்றினாலும் சூடாகும். முள்ளே பொய் சொல்வதும் உண்டு. தெர்மோஸ்டாட் வால்வு பாதி மட்டும் திறக்கலாம். அதைக் கழற்றி நூலில் கட்டி, அடுப்பில் காயும் தண்ணீரில் தொங்கவிட்டால் திறக்குதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். பல வண்டிகளில் 80 டிகிரிக்கு மேல் திறக்க ஆரம்பிக்கும், தண்ணீர் கொதிக்கும் முன் நன்றாகத் திறந்திருக்கணும். சில இடங்களில் அந்த வால்வையே பிடுங்கி எறிந்துவிட்டு "இனி சூடாகாது" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீங்க. என்ஜின் போதிய சூட்டுக்கு வராமல் டீசல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில என்ஜின்களில் சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, சூடு இன்னும் அதிகமாகிவிடும்.

வழியில் முள் ஏறினால் டிரைவர் என்ன செய்யணும்? முதலில் வேகத்தைக் குறைக்கணும். அப்படியும் ஏறினால் ஓரங்கட்டி, நான்கு பக்க விளக்கையும் போட்டு என்ஜினை நிறுத்தணும். "மார்க்கெட் முடிஞ்சிடும்" என்று ஓட்டக் கூடாது. ஒரு நாள் காய் போனால் போகட்டும். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 எண். யாருக்காவது சுடுதண்ணீர் பட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரைப் புண் மேல் ஓட விடணும். பேஸ்ட், மை எதுவும் தடவாமல் 108-ஐக் கூப்பிடுங்க.

"இதையெல்லாம் கேட்டா டிரைவர் தம்பி கோவிச்சுக்க மாட்டாரா?" என்று முன்வரிசையில் ஒரு அக்கா கேட்கிறாங்க. நியாயமான கேள்வி. வரவு செலவு நோட்டு எழுதும்போது ஊக்குநர் கோவிச்சுக்கிறாங்களா? அதே மாதிரி வண்டிக்கும் ஒரு நோட்டுப் போடுவோம். தேதி, ஓடின கிலோமீட்டர், ஏற்றின லோடு, காலையில் கூலன்ட் பாட்டில் கோட்டுக்கு மேலேயா கீழேயா, முள் எங்கே எந்த வேகத்தில் ஏறியது. கூலன்ட் குறைந்தால் வண்டிப் புத்தகத்தில் சொன்ன கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும்தான், போர் தண்ணீர் வேண்டாம். பட்டறைக்குப் போகும்போது அந்த நோட்டும் போகட்டும், குழுவில் இரண்டு பேரும் கூடவே போங்க. கழற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்குங்க.

வண்டி வைத்திருக்கும் குழுக்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வண்டியோடு வாங்க. காலை பத்து மணிக்கே வந்து நிறுத்திவிடச் சொல்லுங்க. மதியச் சாப்பாட்டுக்குள் என்ஜின் ஆறிவிடும், சாப்பிட்டதும் ஒவ்வொரு வண்டியாக மூடியைத் திறந்து பார்ப்போம்.