கேமரா போகாத ஊர்

(தலைப்பு: போர்முனையிலிருந்து வரும் தொலைக்காட்சிச் செய்தி தொண்டா? வேடிக்கையா? ‘தொண்டே’ என்னும் அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிற நண்பர்களே! வில்லாபுரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால பேசின அம்மா ஒரே போடாப் போட்டுட்டாங்க. ‘லக்‌ஷ்யா’ படத்தை எடுத்துக்கிட்டாங்க. 2004-இல் வந்த இந்திப் படம். ஃபர்ஹான் அக்தர் இயக்கினது. கார்கில் போர்தான் கதைக்களம். ஹ்ரித்திக் ரோஷன் ராணுவ அதிகாரி. பிரீத்தி ஜிந்தா டி.வி. செய்தியாளர். “அங்க குண்டு விழுது, இந்தப் பொண்ணு மைக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பழைய காதலனைத் தேடி வருது. இது செய்தியா, சினிமாவா?”ன்னு கேட்டாங்க. நீங்க கைதட்டினீங்க. நடுவரும் சிரிச்சார். சிரிக்காதவன் நான் ஒருத்தன்தான். அடுத்துப் பேச வேண்டியவன் எப்படிச் சிரிப்பான்? (சிரிப்பு)

அம்மா, அந்தப் பொண்ணு காதலனைத் தேடி வரலை. வேலைக்கு வந்த இடத்துல அவனைப் பார்க்குது. ஆனா ஒண்ணை ஒத்துக்கிறேன். செய்தியாளர் முன்னால வந்து நின்னா, சிப்பாய் பின்னால போயிடுறான். இந்தக் குறையை நான் சினிமா பார்த்துத் தெரிஞ்சுக்கலை. இதே வில்லாபுரத்துல, 1999-இல், ஒரு தாய் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன்.

அப்ப நான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்த காலம். எங்க தெருவுல ஓர் அம்மா. ஒரே மகன், பட்டாளத்துல இருந்தான். எங்கே நிக்கிறான்னு தெரியாது. கடிதம் நின்னு போச்சு. சாயங்காலம் ஆனா எங்க வீட்டுக்கு வந்து டி.வி. முன்னால உட்காருவாங்க. தமிழ்ச் செய்தி முடிஞ்சாலும் எழுந்திருக்க மாட்டாங்க. “அந்த இங்கிலீஷைப் போடு தம்பி”ம்பாங்க. ஒரு வார்த்தை புரியாது. மலையைப் பின்னால வச்சுக்கிட்டு ஒரு செய்தியாளர் பேசுவாங்க. “அந்தப் புள்ள என்னப்பா சொல்லுது?”ன்னு கேட்பாங்க. நான் மொழிபெயர்ப்பேன். ஒருநாள் அவங்க சொன்னாங்க: “தம்பி, அது சொல்றது இருக்கட்டும். அதைக் கொஞ்சம் நகரச் சொல்ல முடியாதா? பின்னால நிக்கிற பயலுக மூஞ்சி தெரிய மாட்டேங்குதே!”

நடுவர் அவர்களே, டி.வி.க்காரங்களைப் பத்தி இதைவிடப் பெரிய விமரிசனத்தை நான் எந்தப் புத்தகத்துலயும் படிச்சதில்லை. (கைதட்டல்) ஆனா, அந்தப் பொண்ணு அங்க போய் நிக்கலைன்னா, நகரச் சொல்றதுக்குக்கூட ஆள் இல்லையே!

புறநானூற்றுல 278-ஆம் பாட்டு. காக்கைபாடினியார் நச்செள்ளையார்னு ஒரு பெண் பாடினது. அதுல ஒரு கிழவி. உன் மகன் களத்துல பயந்து திரும்பிட்டான்னு ஊரார் சொல்றாங்க. ஒருத்தர் இல்லை, பல பேர். அவள் என்ன செய்தாள்? வாளை எடுத்துக்கிட்டுக் களத்துக்கே போனாள். கிடந்த உடல்களை ஒவ்வொண்ணாப் புரட்டினாள். சிதைஞ்சு கிடந்த மகனைக் கண்டாள். பெத்த நாளைவிட மகிழ்ந்தாள்னு பாட்டு முடியுது. பள்ளிக்கூடத்துல இதை வீரத்துக்கு உதாரணமாச் சொல்லிக் குடுக்கிறோம். நான் வேற ஒண்ணைப் பார்க்கிறேன். ஊரார் சொன்னது பொய். அது பொய்னு தெரிஞ்சது எப்படி? கண்ணால போய்ப் பார்த்ததால!

அந்தக் கிழவிக்குக் களம் நடக்கிற தூரம். இந்தக் காலத்துத் தாய்க்கு? மேஜர் சரவணன் ராமேஸ்வரத்துல பிறந்தவர்; குடும்பம் திருச்சியில. 1999 மே 29-இல் பட்டாலிக் மலையில வீழ்ந்தார். உடல் கீழே வர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்த உயரத்துக்கு எந்தத் தாய் ஏறிப் போய்ப் புரட்டிப் பார்ப்பாள்? அவளுக்குப் பதிலா இன்னொருத்தர் போகணும். அந்த இன்னொருத்தர்தான் செய்தியாளர்.

எதிரணித் தலைவர் கலிங்கத்துப்பரணியை இழுப்பார்னு எனக்குத் தெரியும், அதனால நானே சொல்லிடறேன். கலிங்கத்துல நடந்த போரைக் காளிக்கு வந்து சொன்னது யாரு? ஒரு பேய்! தமிழ் இலக்கியத்துல முதல் போர்முனைச் செய்தியாளர் பேய்தான். (சிரிப்பு) சொல்லி முடிச்சதும் பேயெல்லாம் சேர்ந்து களத்துல கூழ் காய்ச்சிக் குடிக்குதுங்க. டி.வி.யும் இப்படித்தானே கூழ் காய்ச்சுதுன்னு கேட்டா, சில நாள் காய்ச்சியிருக்கு. 2008-இல் மும்பைத் தாக்குதலின்போது கமாண்டோக்கள் எங்கே இறங்குறாங்கன்னு நேரலையில காட்டினாங்க. 2012-இல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புல கண்டிச்சது. நியாயமான கண்டனம். கேமராவுக்கு எல்லை போடுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா கேமராவே போகலைன்னா என்ன ஆகும்னு பார்த்தவங்க நாம.

1991 ஜனவரியில பாக்தாத் மேல குண்டு விழுந்த ராத்திரி, சி.என்.என். செய்தியாளர்கள் மூணு பேர் ஹோட்டல் அறையிலிருந்து பேசினாங்க. முதல்ல படம்கூட இல்லை, குரல் மட்டும்தான். அதை வச்சு 2002-இல் ‘லைவ் ஃப்ரம் பாக்தாத்’னு ஒரு படமே எடுத்தாங்க. அந்தக் குரலை உலகமே கேட்டுச்சு. பாக்தாத் எங்கே இருக்கு, வில்லாபுரம் எங்கே இருக்கு?

இப்ப இன்னொரு ஊர் சொல்றேன். முல்லைத்தீவு. நேர்கோட்டுல அளந்தா, மதுரைக்குச் சென்னையைவிட முல்லைத்தீவு பக்கம். 2008 செப்டம்பர்ல ஐ.நா. ஊழியர்களையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியைவிட்டு வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. சுதந்திரமான செய்தியாளருக்கும் அனுமதி இல்லை. 2009 மே வரைக்கும் என்ன நடந்தது? 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம்னு ஐ.நா. நிபுணர் குழு எழுதினது 2011-இல்! ‘வரை’, ‘இருக்கலாம்’. இந்த ரெண்டு வார்த்தையையும் கவனிங்க. பக்கத்துல நின்னு எண்ண ஆள் இல்லாத போருக்குக் கணக்கு இப்படித்தான் வரும்.

அங்க கேமரா இல்லாம இல்லை. அரசு தன் கேமராவை வச்சிருந்தது. புலிகள் தங்கள் கேமராவை வச்சிருந்தாங்க. புலிகளின் ஒளிபரப்புல செய்தி வாசிச்ச இசைப்பிரியா 2009-இல் கொல்லப்பட்டார். அவரை வச்சு ‘போர்க்களத்தில் ஒரு பூ’ன்னு தமிழ்ல எடுத்த படத்துக்கு 2015-இல் தணிக்கைச் சான்றிதழ் கிடைக்கலை. செல்போன்ல யார் யாரோ எடுத்த காட்சிகளைத் தேடிச் சேர்த்து, லண்டன் ‘சேனல் 4’ ஒளிபரப்பினபோது போர் முடிஞ்சு ரெண்டு வருஷம். இந்தப் பக்கமும் இல்லாம, அந்தப் பக்கமும் இல்லாம, நமக்காக நிக்கிற கேமரா ஒண்ணு அங்க அன்னிக்கு இருந்திருந்தா? எதிரணி அம்மா இதை வேடிக்கைன்னு சொல்வாங்களா? சொல்லுங்கம்மா!

மணி அடிச்சிட்டீங்க நடுவர் அவர்களே, முடிச்சிடறேன். எங்க தெரு அம்மாவோட மகன் வந்தானான்னு கேட்பீங்க. வந்தான். ஆகஸ்ட்ல வந்தான். தெருவே கூடிப் பார்த்தோம். அந்த அம்மா அவன் கன்னத்தைத் தடவிக்கிட்டே, “தினம் டி.வி.ல தேடினேனேடா, எங்கேடா நின்னே?”ன்னு கேட்டாங்க. அவன் சொன்னான், “நாங்க இருந்த எடத்துக்கு டி.வி.யெல்லாம் வரலைம்மா.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை அவங்களுக்கு. அப்புறம் கேட்டாங்க: “அப்ப நான் பார்த்துப் பார்த்து அழுததெல்லாம் யாரு பெத்த புள்ளைகடா?”