விருந்தினர் கையில் எதைக் கொடுத்து அனுப்புகிறோம்?
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நெல்லைச் சீமைக்கு வரும் விருந்தினர் எதைக் காண வேண்டும், எதை வாங்க வேண்டும், எங்கே இளைப்பாற வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். வள்ளியூரில் இதைப் பேசுவது பொருத்தமே. குமரிமுனைக்குச் செல்லும் வண்டிகள் நம் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் ஓடுகின்றன. குன்றைக் குடைந்த கோயிலில் வீற்றிருக்கும் நம் முருகனைக் காணாமலே கடந்து செல்வோர்தாம் மிகுதி.

1876ஆம் ஆண்டில் நமக்கு ஒரு விருந்தினர் வந்தார். செர்மனி நாட்டின் பெர்லின் நகரைச் சேர்ந்த யாகோர் என்னும் அறிஞர் அவர். ஆதிச்சநல்லூர்ப் பறம்பைத் தோண்டினார். கிடைத்த தொல்பொருள்களைப் பெர்லின் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு சென்றார். நம் முன்னோரின் தாழிக்காட்டுப் பொருள்களைக் கடல் கடந்து சென்று காண வேண்டிய நிலை அன்று தொடங்கிற்று. வந்தவர் எதைக் கொண்டு செல்கிறார் என்பதை, நம்மிடம் உள்ளதன் அருமையை நாம் அறிந்திருப்பதே முடிவு செய்கிறது. 2023ஆம் ஆண்டில் அகழ்ந்த இடத்திலேயே தாழிகளைக் கண்ணாடித் தளத்தின் வழியே காண வழி செய்தார்கள். நூற்று நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்தேனும் அது நிகழ்ந்ததே என்று மகிழ்வோம்.

காணத்தக்கவை நம்மிடம் குறைவில்லை. நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்கள் உள்ளன. ஐந்து சபைகளுள் ஒன்றான தாமிர சபை உள்ளது. ஆனித் தேரோட்டம் உள்ளது. கிருஷ்ணாபுரத்தில், அரசிளங்குமரியைத் தோளில் சுமந்தோடும் குறவனின் விலா எலும்புகளைக் கல்லில் எண்ணிப் பார்க்கலாம். நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அரசு ஊழியர் ஒருவர் தம் சொந்தப் பொருளைக் கொடுத்து எழுப்பிய பாலம் அது. அதன்மீது நாள்தோறும் செல்லும் நம்மில் எத்தனை பேர் அதை விருந்தினருக்குச் சொல்லியிருக்கிறோம்?

வாங்கத்தக்கவற்றுக்கு வருவோம். அல்வாவை நான் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் கீழரத வீதியில் நிற்கும் கூட்டமே சொல்லும். அந்தச் சுவைக்குக் காரணம் கேட்டால், கோதுமைப் பாலையும் நெய்யையும் விட்டுவிட்டுத் தாமிரபரணித் தண்ணீரையே நம்மவர் சொல்வர். பத்தமடைப் பாயும் அந்த ஆற்றின் பிள்ளையே. கரையில் விளையும் கோரையை அறுத்து, இழையிழையாகக் கீறி, ஓடும் நீரில் ஊறவைத்து, உலர்த்தி, நூற்பாவில் நெய்கிறார்கள். பட்டுப்பாய் துணிபோல மடியும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. ஆயினும் கடையில் விலை கேட்டுத் திகைக்கும் விருந்தினர், அருகில் தொங்கும் நெகிழிப் பாயை வாங்கிச் செல்கிறார். தறியருகே அரை நாழிகை அவரை அமர்த்தியிருந்தால், அவ்விலை அவருக்குக் குறைவாகவே தோன்றியிருக்கும்.

இளைப்பாறவோ, கூந்தன்குளம் இருக்கிறது. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்வூரில் நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊர் மக்கள் பறவைகளை வீட்டுக்கு வந்த மகளைப் போலப் பேணுகிறார்கள். விருந்தோம்பல் என்பதற்கு இதனினும் நல்ல உரை ஏது?

இனி, என் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். வெளியூர்க் கவிஞர் ஒருவரைச் சென்ற ஆண்டு அழைத்துச் சென்றேன். ஆற்றின் நடுவே, எத்தனையோ வெள்ளங்களில் மூழ்கி எழுந்த குறுக்குத்துறை முருகன் கோயிலைக் கண்டு நெகிழ்ந்தார். நீராட வேண்டும் என்றார். வேறொரு படித்துறைக்குச் சென்றோம். துண்டைத் தோளிலிருந்து எடுத்தவர், சாக்கடை வந்து கலப்பதைக் கண்டு மீண்டும் தோளிலேயே போட்டுக்கொண்டார். “ஐயா, இந்தத் தண்ணீரைப் பற்றித்தான் நேற்றெல்லாம் பாடினீர்களா?” என்று மெல்லக் கேட்டார். எனக்கு விடை வரவில்லை. இன்றும் வரவில்லை.

அல்வாவும் ஆறு, பாயும் ஆறு, கோயிலும் பாலமும் ஆறு. அந்த ஆறு கெட்டால், நாம் காட்டுவதற்கும் விற்பதற்கும் என்ன எஞ்சும்? ஆற்றைப் பாடிய கவிதைகள் நம் வட்டத்தில் பல அரங்கேறியுள்ளன. நானும் பாடியவன்தான். பதினோராம் ஆண்டில் ஒன்று செய்வோம். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு விருந்தினரையேனும் தாமே உடன் சென்று தறிக்கும், பறம்புக்கும், ஆற்றங்கரைக்கும் அழைத்துச் செல்வோம். சாக்கடை கலக்கும் இடத்தையும் மறைக்காமல் காட்டுவோம். அந்த வெட்கம் நம்மைச் செயலுக்குத் தள்ளட்டும்.

விருந்தினர் கையில் ஒரு பொட்டலம் அல்வா இருக்கட்டும். நெஞ்சில் ஓர் ஆறும் இருக்கட்டும். அவர் மீண்டும் வரும்போது, துண்டை எடுத்துக்கொண்டு தயங்காமல் படியிறங்கும் நாளை நாம் உருவாக்குவோம்.