ஊருக்கும் ஒரு மொய் நோட்டு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"ஊரைப் பசுமையாக வைப்பது எப்படி" என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கேட்டதும் மரக்கன்று நடுவதும், பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பதும்தான் நினைவுக்கு வரும். நான் இன்றைக்குக் கணக்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஏன்னா நாம குழுக்காரங்க. சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, யார் தவணை கட்டினாங்க, யார் கட்டலைன்னு நோட்டு போட்டு எழுதத் தெரிஞ்சவங்க. அந்தப் பழக்கத்தை ஊரோட தண்ணிக்கும் மண்ணுக்கும் கொண்டுபோகலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதல்ல, இது நம்ம வயித்துப் பாடு எப்படின்னு பாருங்க. ஒரு கல்யாணம் நடக்குது. பிளாஸ்டிக் தம்ளர், தண்ணி பாட்டில், பாலித்தீன் விரிப்பு எல்லாத்தையும் அள்ளிப் பின்பக்கம் வாய்க்கால்ல கொட்டிடறாங்க. அது மிதந்து போய் ஏதோ ஒரு மதகு வாயில அடைச்சுக்குது. மேட்டூர்ல திறக்கிற தண்ணி கல்லணைக்கு வந்து, நாம புது ஆறுன்னு சொல்ற கல்லணைக் கால்வாய் வழியா நம்ம கடைமடைக்கு வந்து சேரவே நாள் கணக்காகும். மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2023-ல அன்றைக்கே திறந்தாங்க. ஆனா தண்ணி போதாம குறுவை காய்ஞ்சுது. 2024-ல ஜூலை 28-லதான் திறக்க முடிஞ்சுது. இப்படித் தவிச்சு வர்ற தண்ணியும் அடைச்ச மதகுல நின்னு போனா நாத்து காயும். நாத்து காய்ஞ்சா நடவு இல்லை. நடவு இல்லைன்னா நமக்குக் கூலி இல்லை. கூலி இல்லைன்னா அந்த மாசக் குழுத் தவணை நிக்கும். யாரோ தூக்கிப் போட்ட தம்ளர் நம்ம கடன் நோட்டுல வந்து விழுது. அதனால ஊர் சுத்தமா இருக்கணும்ங்கிறது அழகுக்காக மட்டும் சொல்ற பேச்சு இல்லை.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கிற மொய் விருந்து உங்களுக்குத் தெரியும். நாலைந்து பேர் சேர்ந்து பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, நோட்டு வைத்து மொய் வாங்குவார்கள். அந்தப் பணத்தில் வீடு கட்டுவார்கள், போர் போடுவார்கள், பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணுவார்கள். மொய் போட்டவர் விருந்து வைக்கும்போது, வாங்கினதை மறக்காமல், முடிந்தால் கொஞ்சம் கூட்டியே திருப்பிச் செய்ய வேண்டும். வாங்கித் தின்றுவிட்டுத் திருப்பிச் செய்யாதவருக்கு ஊரில் மரியாதை இல்லை.

இப்ப யோசிங்க. நாம ஆத்துக்கிட்ட மொய் வாங்கியிருக்கோம். மண்ணுகிட்ட வாங்கியிருக்கோம். ஏரியும் குளமும் வெட்டி வச்சிட்டுப் போன பெரியவங்ககிட்ட வாங்கியிருக்கோம். திருப்பிச் செஞ்ச கணக்கு எந்த நோட்டுல இருக்கு?

திருப்பிச் செய்தவர்கள் நம்ம பக்கத்திலேயே இருக்கிறார்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006-ல் நெல் ஜெயராமன் ஐயா நெல் திருவிழா தொடங்கினார். நம்மாழ்வார் ஐயா காட்டிய வழியில் நடந்தவர் அவர். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், குழியடிச்சான் என்று தேடித்தேடி 174 பாரம்பரிய நெல் ரகங்களைச் சேர்த்தார். அந்தத் திருவிழாவில் ஒரு சட்டம் உண்டு. வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் கொடுப்பார்கள். பணம் வாங்க மாட்டார்கள். அடுத்த வருஷம் அவர் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த 4 கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். மொய் விருந்து மாதிரியே இல்லீங்களா? ஜெயராமன் ஐயா 2018 டிசம்பர் 6-ந் தேதி காலமானார். அவர் போன பிறகும் அந்த விதை பல வயல்களில் விளைந்துகொண்டிருக்கிறது. ஒரே ஆள் குதிரில் பூட்டி வைத்திருந்தால் ஒரு வெள்ளத்தில் போயிருக்கும். ஆயிரம் பேர் கையில் கடனாகப் போனதால் பிழைத்தது.

அடுத்தது பேராவூரணி. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடிச்சதை நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்லை. தென்னை எல்லாம் சாய்ஞ்சு கிடந்தது. நிவாரண வேலைக்கு இறங்கின இளைஞர்கள், அரிசியும் பாயும் கொடுத்து முடிச்ச பிறகு, இனிமே என்ன பண்ணலாம்னு யோசிச்சாங்க. தண்ணி இருந்தாத்தான் மறுபடி எழுந்திரிக்க முடியும்னு புரிஞ்சுது. 'கைஃபா'ன்னு கடைமடைப் பகுதி விவசாயிகள் சங்கம் ஒண்ணு உருவாச்சு. 2019-ல பேராவூரணி பெரியகுளத்துல இறங்கினாங்க. 564 ஏக்கர் ஏரி அது. மக்கள்கிட்ட நன்கொடை வாங்கித் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, நடுவுல திட்டு போட்டுப் பறவைக்கு மரம் வச்சாங்க. அங்கே ஆரம்பிச்சது அதோட நிக்கலை. வேற ஏரிகளுக்கும் போனாங்க.

இந்த இரண்டிலும் நான் பார்ப்பது ஒன்றுதான். யாரிடம் வாங்கினோம், யாருக்குத் திருப்ப வேண்டும் என்பது அங்கே தெளிவாக இருந்தது. நம்ம ஊர்களிலும் ஆர்வத்துக்குக் குறைச்சல் இல்லை. ஒரு நாள் குளத்தைச் சுத்தம் பண்ணுவோம், மறு வருஷம் பார்த்தால் மறுபடி ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும். கணக்கும் முறையும் இல்லாததுதான் காரணம். குழு நடத்தும்போது மட்டும் நாம் அப்படி விடுகிறோமா? வாரக் கூட்டம் தவறினால் கேள்வி கேட்கிறோம், தவணை தவறினால் வீட்டுக்கே போய்ப் பேசுகிறோம்.

அதனால் ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டோடு இன்னொரு நோட்டு போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊர் மொய் நோட்டு. நாலு பக்கம் போதும்.

முதல் பக்கம் தண்ணீர். நம்ம தெருவைத் தொட்டுப் போகிற வாய்க்கால் எது, மதகு எத்தனை, எந்த மதகு அடைத்திருக்கிறது என்று எழுதுங்கள். மேட்டூர் திறப்பதற்கு முன்னாடி, மே மாதமே பார்த்து எழுத வேண்டும். தண்ணி வந்த பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது பக்கம் குப்பை. காய்கறித் தோல், மீன் கழிவு, சோறு ஒரு பக்கம். பிளாஸ்டிக், கண்ணாடி ஒரு பக்கம். மக்குகிறதை ஒரு குழியில் போட்டு, காய்ந்த சருகு ஒரு அடுக்கு, சாணிக் கரைசல் ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று மாதத்தில் உரம். அது மண்ணுக்கு நாம் திருப்பிச் செய்கிற மொய். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை பண்ணிவிட்டது. நம்ம குழுக்களில் தையல் தெரிந்தவர்கள் மஞ்சப்பை தைக்கிறார்கள். கல்யாண வீட்டுக்கு எவர்சில்வர் தம்ளரும் தட்டும் வாடகைக்கு விட ஒரு குழு முன்வந்தால் அது சுத்தத்துக்கும் ஆச்சு, வருமானத்துக்கும் ஆச்சு.

மூன்றாவது பக்கம் விதை. குத்தகைக்கோ சொந்தமாகவோ கொஞ்சம் நிலம் வைத்திருக்கிற உறுப்பினர் ஒருவர் ஒரு ரகம் எடுத்துக்கொள்ளட்டும். ஒற்றை நாற்று நடவில் ஏக்கருக்கு மூன்று கிலோ விதை இருந்தால் போதும். 2 வாங்கினால் 4 திருப்புவது என்கிற ஆதிரெங்கத்துச் சட்டத்தையே வைத்துக்கொள்ளலாம். நிலம் இல்லாதவர்களுக்கு அவரை, புடலை, கத்தரி விதை இருக்கிறது. கொல்லையில் நாலு குழி போதும்.

நான்காவது பக்கம் மரம். நட்டதை எழுத வேண்டாம். இரண்டு கோடை தாண்டி உயிரோடு இருப்பதை மட்டும் எழுதுங்கள். யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று பெயரோடு எழுதுங்கள்.

இங்கே நான் ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். ஊரைச் சுத்தமா வைக்கணும்னு யார் சொன்னாலும், கடைசியில துடைப்பம் நம்ம கைக்குத்தான் வருது. காலையில வீடு, பகல்ல வயல், சாயங்காலம் ஊர்னு மூணாவது சுமையைத் தூக்க நான் யாரையும் கூப்பிடலை. இந்த நோட்டுல வீட்டுப் பேர் எழுதணும். பெண் பேர் மட்டும் எழுதக் கூடாது. வீட்டுக்காரர், வளர்ந்த பையன் எல்லாருக்கும் முறை உண்டு. தினசரி செய்ய வேண்டிய வேலைக்குக் கூலி உண்டு. கேரளாவுல 1998-ல ஆரம்பிச்ச குடும்பஸ்ரீ நம்ம குழு மாதிரிதான். அந்தப் பெண்கள் ஹரித கர்ம சேனைன்னு வீடு வீடாப் போய்ப் பிளாஸ்டிக் வாங்குறாங்க. ஒவ்வொரு வீடும் அதுக்கு மாசக் கட்டணம் கட்டுது. அதை வேலைன்னு மதிச்சுக் காசு கொடுக்கிறாங்க. நாமளும் அப்படித்தான் கேட்கணும்.

"இதெல்லாம் பஞ்சாயத்து வேலையாச்சே" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மதகு கட்டுவதும், பெரிய வாய்க்கால் தூர்வாருவதும் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைதான். அதைக் கேட்பதற்கே இந்த நோட்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. "வாய்க்கால் சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "இந்தத் தெரு முனையில் இந்த மதகு, இந்தத் தேதியிலிருந்து அடைத்திருக்கிறது, இத்தனை ஏக்கர் பாய வேண்டும்" என்று நோட்டை விரித்து வாசித்தால் தீர்மானத்தில் ஏற்றியே ஆக வேண்டும். வங்கிக்குப் போய்க் கடன் கேட்டபோது நம்ம நோட்டைப் பார்த்துத்தானே மதித்தார்கள்?

அடுத்த மாதக் கூட்டத்தில், சேமிப்பு வாங்கி முடித்த பிறகு, பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்குங்கள். முதல் பக்கத்தை மட்டும் எழுதுங்கள். மற்ற மூன்றும் பின்னால் வரட்டும். கூட்டமைப்பு ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லாக் குழு நோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எந்த வாய்க்கால் எந்த ஊரில் அடைபடுகிறது என்பது நமக்கே தெரிந்துவிடும். மேல ஊர்க்காரர் அடைப்பது கீழ ஊர்க்காரர் தலையில் விடிகிறது. அதை ஒரு குழுவால் தனியாகத் தீர்க்க முடியாது. அதற்குத்தான் நாம் கூட்டமைப்பாக இருக்கிறோம்.