எல்லைப்புறப் பள்ளிகளும் மெய்நிகர்க் காட்சியும்

கேரளத்தின் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் இயங்கி வருகின்றன. இதயம் குருதியை இறைப்பதை மெய்நிகர்க் கருவி மாணவர் கண்முன் நிறுத்த வல்லது. ஆயினும் விளக்கம் தமிழில் இல்லையேல், காட்சி வேடிக்கையாகவே முடியும்.

2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் தொலைக்காட்சி வாயிலாகப் பாடங்கள் தொடங்கப்பெற்றன. மலையாளப் பாடங்கள் மட்டும் போதவில்லை. தமிழ்வழி மாணவர்க்கெனத் தனிப் பாடங்கள் தயாரிக்க வேண்டியதாயிற்று. இப்படிப்பினை இன்றைக்கும் பொருந்தும்.

கருவி வாங்குதல் ஒருமுறைச் செலவு. தமிழ்ப் பாடம் ஆக்குதலும், ஆசிரியரைப் பயிற்றுவித்தலும், பழுது நீக்குதலும் ஆண்டுதோறும் தொடரும் செலவுகள். மாணவர் தொகை குறைவாதலின் தலைக்குரிய செலவு மிகும். அச்செலவை ஏற்காத திட்டம், மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளைப் பார்வையாளராகவே நிறுத்திவிடும். ஆகவே கருவிக்கு நிதி ஒதுக்கும்போதே தமிழ்ப் பாடத்திற்கும் நிதி ஒதுக்குதல் இன்றியமையாததாகும்.